எண்ணெய் நிலப் பத்திரம் பார்க்கும் வக்கீல், கனிம உரிமை வாங்கப் போகலாமா?

கேள்வி: சென்னையில் சட்டம் படித்து, ஹூஸ்டனில் எல்எல்எம் முடித்து, டெக்சாஸ் பார் தேர்வும் தேறி, ஐந்து ஆண்டுகளாக எண்ணெய் நிறுவனங்களுக்கு டைட்டில் ஒப்பீனியன் (பத்திரங்களைப் பார்த்து, உரிமை யாருக்கு என்று சொல்லும் கருத்துரை) எழுதிவரும் ஒருவர் கேட்டது இது. “அடுத்தவர் வாங்குவதற்கு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட, நானே கனிம உரிமைகளை வாங்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அது வயதானவர்களை ஏமாற்றும் தொழில் என்று கூட வேலை செய்பவர்களே சொல்கிறார்கள். நியாயமாகச் செய்ய வழி இருக்கிறதா? எந்தப் பாதையில் போவது?”

போகலாம். நானும் அப்படிப் போனவன்தான். பதினோரு ஆண்டுகள் மேற்கு டெக்சாஸ் பத்திரங்களைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு கனிம உரிமை வாங்கும் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் வக்கீல் வேலை. அதன்பின் சொந்தமாக, சிறிய அளவில். உங்கள் சகாக்கள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. இந்தத் தொழிலில் வாங்குபவனுக்கு லாபம் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று, விற்பவருக்குத் தெரியாத விஷயம். இன்னொன்று, பத்திரத்தில் கிடக்கும் வில்லங்கத்தை அவிழ்க்கும் உழைப்பு. மற்றவர்களுக்கு இரண்டில் ஒன்றுதான் கைக்கு எட்டும். டைட்டில் வக்கீலுக்கு இரண்டும் எட்டும். அதனால்தான் மற்றவர்களைவிட நீங்கள் நிதானமாக அடியெடுத்து வைக்க வேண்டும்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நரிமணத்தில் ஒரு விவசாயியின் வயலில் எண்ணெய்க் கிணறு இறங்கினால், அவருக்குக் கிடைப்பது மேல்மண்ணுக்கான குத்தகைப் பணமும் இழப்பீடும்தான். எண்ணெய் விற்ற பணத்தில் ஒரு பங்கான ராயல்டி அரசுக்குப் போய்விடும். அமெரிக்காவில், தனியார் நிலத்துக்குக் கீழே கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் தனியார் சொத்து. மேல்மண்ணை ஒருவருக்கும் கீழே இருப்பதை இன்னொருவருக்கும் தனித்தனியாக விற்கலாம். தாத்தா பண்ணையை விற்கும்போது ‘கனிமத்தில் பாதி எனக்கே’ என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். பண்ணை பத்துக் கைமாறிய பிறகும் அந்தப் பாதி அவர் வாரிசுகளுக்கு இறங்கிக்கொண்டே போகும். இரண்டில் கனிமத்துக்கே கை ஓங்கியிருக்கும் என்பது டெக்சாஸ் சட்டம். கிணறு தோண்ட நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேல்மண்ணைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை கனிமக்காரரிடம் இருக்கிறது.

கனிமக்காரர் தானே தோண்டுவதில்லை, நிறுவனத்துக்குக் குத்தகை விடுகிறார். கையெழுத்துப் போடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று போனஸ் கிடைக்கும். எண்ணெய் வந்தால், தோண்டும் செலவில் பங்கு கொடுக்காமலே ராயல்டி கிடைக்கும். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் எட்டில் ஒரு பங்குதான் ராயல்டி. இன்று மேற்கு டெக்சாஸ் எண்ணெய்ப் பகுதியான பெர்மியன் படுகையில், விஷயம் தெரிந்தவர்கள் நான்கில் ஒரு பங்கு வரை கேட்டு வாங்குகிறார்கள்.

இனி ஒரு பிஸ்கட் டப்பாவின் கதை. லப்பக் நகரில், எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியின் சமையலறை மேசை. டப்பா நிறைய உறைகள். அவருடைய தாத்தா 160 ஏக்கர் பண்ணையை விற்றபோது கனிமத்தில் பாதியை நிறுத்திக்கொண்டவர். அதாவது 80 ஏக்கர். பிள்ளைகள் நால்வர், ஆளுக்கு 20. அந்த நால்வரில் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு 4. பாட்டி அந்த ஐவரில் ஒருவர். அவர் கையில் இருப்பது நான்கு ஏக்கர் கனிமம். அதுவும் வரப்பு போட்டுக் காட்டக்கூடிய நான்கு ஏக்கர் அன்று. 160 ஏக்கர் முழுவதிலும் பரவிக்கிடக்கும் பிரிபடாத பாகம்.

அந்த உறைகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கடிதம்: ‘உங்கள் கனிமத்துக்கு 20,000 டாலர்’. கூடவே செக் போலவே தோற்றம் தரும் ஒரு காகிதம். அது செக் இல்லை, டிராஃப்ட். நம் ஊர் வங்கி டிமாண்ட் டிராஃப்ட் போலப் பணம் கட்டி எடுத்ததும் இல்லை. பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், இத்தனை வங்கி நாட்களுக்குள் டைட்டில் பார்த்துவிட்டு, பிடித்தால் பணம் தருவோம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடுவோம் என்று அதன் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மூன்றாவது காகிதம்தான் கிரயப் பத்திரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்களை வசதிக்காக உருட்டிச் சொல்கிறேன். கிணறுகள் இருக்கும் யூனிட், அதாவது பல நிலங்களைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடும் பரப்பு, 1,280 ஏக்கர். ராயல்டி ஐந்தில் ஒன்று. நான்கை 1,280-ஆல் வகுத்து ஐந்தில் ஒன்றால் பெருக்கினால் 0.000625. ராயல்டி செக்கோடு வரும் தாளில் இருக்கும் நீளமான தசம எண் இதுதான். அந்த யூனிட்டின் கிணறுகள் மாதம் 30,000 பீப்பாய் எடுத்து, பீப்பாய் 70 டாலருக்குப் போனால் மொத்தம் 21 லட்சம் டாலர். பாட்டியின் பங்கு 1,312 டாலர் 50 சென்ட். டெக்சாஸ் அரசு எண்ணெய்க்கு விதிக்கும் 4.6 சதவீத வரி போக, சுமார் 1,250. ஆக, கடிதக்காரர் தர முன்வந்த 20,000 டாலர், பாட்டிக்குப் பதினாறு மாதங்களில் தானாகவே வந்து சேரக்கூடிய பணம்.

இந்த இடத்தில் வாங்குபவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணறு ஒரே சீராக ஊறிக்கொண்டிருப்பதில்லை. முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கு மேல் சரிந்துவிடுவது சாதாரணம். அதன்பிறகுதான் மெதுவாகத் தேயும். புதுக் கிணற்றின் முதல் ஆறு மாத வரும்படியைக் காட்டி ஐந்தாண்டுப் பணம் கேட்கும் விற்பனையாளரும் ஏமாந்துதான் போவார், அல்லது ஏமாற்றுவார். நன்றாகச் சரிந்து நிலைபெற்ற பழைய கிணற்றுக்கு மூன்று முதல் ஐந்தாண்டு வரும்படி என்பது பேசத் தொடங்கக்கூடிய இடம். அதே யூனிட்டில் இன்னும் தோண்டப்படாத இடங்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி விலை. பாட்டியின் யூனிட்டில் இருந்த கிணறுகள் பழையவை. மேலும் நான்கு கிணறுகளுக்கு அப்போதுதான் அனுமதி வாங்கியிருந்தார்கள். கடிதம் வந்த நேரம் தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

அந்த அனுமதி ரகசியமும் இல்லை. டெக்சாஸில் கிணறு தோண்ட ரயில்வே ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். பெயர் ரயில்வே, வேலை எண்ணெய். 1891-இல் ரயில்வேயைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய ஆணையம், இன்று ரயில் சம்பந்தமாக ஒரு வேலையும் செய்வதில்லை. பெயரை மட்டும் மாற்றவில்லை. தோண்டும் அனுமதி, மாத உற்பத்தி எல்லாம் அதன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பாட்டிக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. ‘எண்ணெய்க்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சட்டம் இதையெல்லாம் கண்டும் காணாமலும் விட்டுவிடவில்லை. கிரயப் பத்திரத்தையும் டிராஃப்டையும் சேர்த்துத் தபாலில் அனுப்புபவர், ‘இதில் கையெழுத்திட்டால் உங்கள் கனிம உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ விற்கிறீர்கள்’ என்று ஏறத்தாழ 14 புள்ளி அளவு எழுத்தில் பளிச்சென்று போட வேண்டும் என்கிறது டெக்சாஸ் சொத்துச் சட்டம். குத்தகை என்று நினைத்துக் கிரயத்தில் கையெழுத்திட்டவர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான் இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் 14 புள்ளி எழுத்து, விற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். என்ன விலை பெறும் என்று சொல்லாது.

இனி உங்கள் கையில் இருக்கும் சரக்குக்கு வருகிறேன். மற்ற வாங்குபவர்களுக்குப் பணம் இருக்கிறது, கணினியில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. உங்களுக்குப் பத்திரம் படிக்கத் தெரியும். அது சின்ன விஷயம் இல்லை. மிட்லண்ட் நகருக்குப் பக்கத்து மார்ட்டின் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) 1924-இல் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையை விற்ற தம்பதி, ‘கனிமத்தில் எட்டில் ஒன்றின் பாதி’ தங்களுக்கு என்று எழுதி வைத்தார்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி பதினாறில் ஒன்று. ஆனால் தொண்ணூறு ஆண்டுகளாக இரு தரப்பு வாரிசுகளும் பாதிப்பாதி என்றே நடந்துவந்தார்கள். பெரும்பணம் வரத் தொடங்கியதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். வழக்கு டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. வான் டைக் எதிர் நேவிகேட்டர் குரூப் என்ற அந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு: அந்தக் காலத்தில் ராயல்டி என்றாலே எட்டில் ஒன்றுதான் என்று எல்லாரும் நம்பியதால், ‘எட்டில் ஒன்று’ என்ற சொல்லையே முழுக் கனிமத்துக்கும் பெயராகப் பயன்படுத்தினார்கள், ஆகவே ‘எட்டில் ஒன்றின் பாதி’ என்றால் முழுக் கனிமத்தில் பாதி என்று கொள்ள வேண்டும், வேறு பொருள்தான் என்று காட்டப் பத்திரத்திலேயே ஆதாரம் வேண்டும்.

அதாவது, அதே காகிதத்தைப் படிக்கும் ஒருவர் கண்ணுக்குப் பதினாறில் ஒன்று தெரிகிறது, இன்னொருவர் கண்ணுக்குப் பாதி. எட்டு மடங்கு வித்தியாசம். இப்படிப்பட்ட பத்திரங்கள் கவுண்டி அலுவலகங்களில் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. தஞ்சாவூர் பக்கம் தாய்ப்பத்திரம் தேடி, வில்லங்கச் சான்று போட்டு, ‘ஆண் சந்ததி சர்வ சுதந்திர பாத்தியம்’ என்ற வரிக்கு அர்த்தம் சொல்லிப் பழகிய குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இது புதிய கலை இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பதிலாக கவுண்டி கிளார்க் அலுவலகம், அவ்வளவுதான். லவ்விங் கவுண்டியின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 64 பேர். ஆனால் மென்டோன் ஊரில் இருக்கும் அதன் நீதிமன்றக் கட்டடத்தில் பத்திரப் புத்தகத்தைக் கையில் வாங்க வரிசையில் நின்ற நாட்கள் எனக்கு உண்டு.

நியாயமான லாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் 1971-இல் தாத்தா உயிலில்லாமல் இறந்திருப்பார். இரண்டு மனைவிகள், ஒன்பது பிள்ளைகள், அதில் ஒருவர் எங்கே போனார் என்றே தெரியாது. நிறுவனம் அந்தப் பங்குக்கான ராயல்டியை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும். பெரிய வாங்குபவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்ததுமே மூடிவிடுவார்கள்; அவர்களுக்கு வாரத்துக்கு முப்பது கோப்பு முடிய வேண்டும். நீங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து, வாரிசு பற்றிய பிரமாணப் பத்திரங்கள் வாங்கி, காணாமல்போனவரின் மகளை வேறு மாநிலத்தில் கண்டுபிடித்து, ராயல்டியை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் நிறுவனத்தின் டிவிஷன் ஆர்டர் பிரிவு ஏற்றுக்கொள்ளும்படி செய்தால், விலையே இல்லாமல் கிடந்த பங்குக்கு விலை வரும். அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதற்கு நீங்கள் யாரிடமும் முகம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்ததால் தெரியும். கிரயப் பத்திர மாதிரிகளில் ‘இதுவரை சேர்ந்து நிலுவையில் உள்ள எல்லாத் தொகையும் வாங்குபவரையே சேரும்’ என்று ஒரு வரி இருக்கும். எல்லாரும் போடுகிறார்கள், நாமும் போடுகிறோம் என்று என் மூன்றாவது கொள்முதலில் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பஸ் ஓட்டுநரிடமிருந்து 9,000 டாலருக்கு வாங்கிய பங்கு. வில்லங்கத்தைத் தீர்த்து முடித்ததும் நிறுவனத்திலிருந்து எனக்கு வந்த முதல் செக் 14,000 டாலருக்குச் சற்று மேலே இருந்தது, பழைய நிலுவை. நான் எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு நிலுவை என்று எனக்கும் தெரியாது. ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மூன்று நாள் அந்தச் செக்கை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிலுவையை அவருக்கு அனுப்பினேன். நல்லவன் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் வைத்துக்கொள்வதற்கான காரணங்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது என் பத்திரத்தில் அந்த வரி தலைகீழாக இருக்கும்: கிரயத் தேதிக்கு முந்தைய பணம் விற்பவருக்கு. டெக்சாஸில் மூன்றாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் ராயல்டி மாநில அரசின் கஜானாவுக்குப் போய்விடும். அங்கே பெயர் போட்டுத் தேடலாம், இலவசம். விற்பவரிடம் பேசும்போதே, முதலில் அங்கே தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அங்கே கிடைக்கும் பணத்திலேயே அவசரம் தீர்ந்துவிடும், விற்கமாட்டார்கள்.

இதே ரகத்தில் இன்னொரு வரி: ‘இந்தக் கவுண்டியில் எனக்குச் சொந்தமான மற்றெல்லாக் கனிமமும், இங்கே சரியாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்’. நாலு ஏக்கர் விற்கிறோம் என்று நினைத்தவர், தனக்கே தெரியாத நாற்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுவார். செல்லுமா என்றால், செல்லும். 2017-இல் டேவிஸ் எதிர் மியூலர் வழக்கில், ஹாரிசன் கவுண்டிப் பத்திரங்களில் இருந்த அப்படிப்பட்ட வரியை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தெளிவான கிரயம் என்றே ஏற்றுக்கொண்டது. சட்டப்படி செல்லும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நியாயம் என்ற சொல்லைக் கேள்வியில் போட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்: அந்த வரியை எடுத்துவிடுங்கள். டைட்டில் பிறகு பொய்த்துப்போனால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உத்தரவாத வரியையும் விற்பவர் தலையில் கட்டாதீர்கள். டைட்டில் பார்ப்பது உங்கள் தொழில். அதில் நீங்கள் தவறினால் எண்பது வயதுக்காரர் ஏன் ஈடு கட்ட வேண்டும்?

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். இன்று உங்கள் மேசையில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் டைட்டில் கோப்பு இருக்கிறது. அவர்கள் எந்த இடத்தில் அடுத்த ஆண்டு தோண்டப்போகிறார்கள் என்பது அனுமதி விண்ணப்பிப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே ஒப்பீனியன் கேட்கிறார்கள். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் வாங்கினாலும் நீங்கள் தொலைந்தீர்கள். கட்சிக்காரரின் தகவலை அவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது என்பது வக்கீல் நெறிமுறையின் அடிப்படைகளில் ஒன்று. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில் 1.8 அதைத்தான் சொல்கிறது. வேலையை விட்ட பிறகும் பழைய கட்சிக்காரரின் ரகசியம் ரகசியமே, அது 1.9. மச்சினன் பெயரில் வாங்கலாம் என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் இப்போது வக்கீலாக இல்லை.

அதே 1.8, கட்சிக்காரரோடு வியாபாரம் செய்வதற்கும் கடுமையான நிபந்தனைகள் வைக்கிறது: நிபந்தனைகள் நியாயமாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், வேறு வக்கீலைக் கலந்துகொள்ளும்படி எழுத்தில் சொல்லி அவகாசம் தர வேண்டும், அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். என் யோசனை இன்னும் எளிது. வாங்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு உயில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் கனிமத்துக்கு விலை சொல்லும் வக்கீலை மேற்கு டெக்சாஸ் சிற்றூர்களில் பார்த்திருக்கிறேன். விதிப்படி எல்லாக் காகிதமும் இருந்தது. ஊரில் மரியாதைதான் இல்லை.

வக்கீல் இல்லாத விற்பனையாளரோடு பேசும்போது அதே மாதிரி விதிகளின் 4.3 வரும். அவருக்கு நீங்கள் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வேறு வக்கீலைப் பாருங்கள் என்பது ஒன்றுதான் சொல்லக்கூடிய ஆலோசனை. நடைமுறையில் இது வேடிக்கையான சங்கடத்தைத் தரும். ‘நீங்களும் வக்கீல்தானே, நீங்களே சொல்லுங்களேன், விற்கலாமா?’ என்று கேட்பார்கள். சிரித்த முகம், மேசையில் காபி. அந்த இடத்தில் ‘நான் இங்கே உங்கள் வக்கீல் இல்லை, வாங்க வந்தவன், என் லாபமும் உங்கள் லாபமும் வேறு வேறு’ என்று சொல்லத் தொண்டை வர வேண்டும். என் கடிதத்தின் முதல் வாக்கியமே அதுதான். கடிதத்தில் அனுமதி விவரம், கடந்த பன்னிரண்டு மாத உற்பத்தி, நான் போட்ட கணக்கு மூன்றும் இருக்கும். டிராஃப்ட் வைப்பதில்லை, கையெழுத்து நடக்கும் நாளில் வங்கிப் பரிமாற்றம். முப்பது நாள் அவகாசம். பாதியை மட்டும் விற்கலாம் என்றும் ஒரு வரி. உண்மையைச் சொன்னால், இப்படிக் கடிதம் எழுதினால் பத்தில் ஒன்றுதான் படியும். மற்றவர்கள் என் கணக்கையே எடுத்துப்போய் இன்னொருவரிடம் காட்டி அதிக விலை வாங்கிக்கொள்கிறார்கள். ஓக்லஹோமாவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை எனக்கு நன்றிக் கடிதமே போட்டார், என் தாளைக் காட்டி வேறொருவரிடம் கூடுதல் விலை பெற்றதற்கு. அந்த வாரம் முழுக்க எரிச்சலாகத்தான் இருந்தது.

எல்லாரையும் விற்காதீர்கள் என்று சொல்வதும் நியாயம் ஆகாது. விற்பதில் பலன் உள்ளவர்கள் உண்டு. பன்னிரண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து டாலர் செக் போகப்போகிறது என்றால், ஒருவர் இருக்கும்போதே விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். வரியும் ஒரு காரணம். தாயிடமிருந்து வந்த கனிமத்துக்கு, அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். அதற்கு மேல் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும், குறைவான நீண்டகால மூலதன ஆதாய வரி. மாதாமாதம் வரும் ராயல்டியோ சாதாரண வருமானம். 15 சதவீதம் தேய்மானக் கழிவு உண்டு என்றாலும் வரி கூடுதலாகவே வரும். விலை அபாயமும் சாதாரணமானதில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் மே மாத முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த வசந்தத்தில் நான் கையில் வைத்திருந்தவற்றின் மதிப்பை இங்கே எழுத விரும்பவில்லை. அதற்கு முந்தைய கோடையில் எனக்கு விற்றவர்கள் பிழைத்தார்கள்.

பாதை என்று கேட்டீர்கள். ஐந்தாண்டு டைட்டில் அனுபவம் போதுமான அடித்தளம். டெக்சாஸ் சட்டச் சிறப்புத் தகுதி வாரியம் எண்ணெய், எரிவாயு, கனிமச் சட்டத்தில் தரும் சான்றிதழுக்கு முயலலாம். அவசியம் இல்லை, ஆனால் விற்பவரின் வக்கீல் உங்களை நம்ப உதவும். கனிமம் வாங்கி விற்க டெக்சாஸில் ரியல் எஸ்டேட் உரிமம் தேவையில்லை. தேவையில்லாததால்தான் இந்தத் தொழிலில் இத்தனை கூட்டம். ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் லேண்ட்மேன்கள் (எண்ணெய் நிறுவனங்களுக்காக நில, கனிம உரிமைகளைத் தேடிப் பேசி முடிப்பவர்கள்) சங்கத்தில் சேருங்கள். அதைவிட முக்கியமாக, ராயல்டி உரிமையாளர்களின் தேசியச் சங்கக் கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். உங்களைப் போன்றவர்களைப் பற்றி விற்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அங்கே கேட்கலாம்.

நேராகச் சொந்தமாக இறங்காமல், இடையில் இரண்டு மூன்று ஆண்டு ஒரு கனிம நிறுவனத்தில் இருப்பது நல்லது. ஹூஸ்டனில் பிளாக் ஸ்டோன், ஃபோர்ட் வொர்த்தில் கிம்பெல், மிட்லண்டில் வைப்பர் என்று பெரியவை உண்டு. முதலீட்டாளர் பணத்தில் நடக்கும் சிறிய நிறுவனங்கள் இன்னும் நிறைய. அங்கே நீங்கள் கற்க வேண்டியது சட்டம் இல்லை. பெட்ரோலியப் பொறியாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிவுக் கோட்டை எப்படி வரைகிறார், தோண்டப்படாத இடத்துக்கு எத்தனை சதவீதம் கழிக்கிறார் என்று பாருங்கள். வக்கீல்கள் விலை போடுவதில் மோசம். டைட்டில் சுத்தமாக இருந்தால் சொத்தும் நல்லது என்று நினைத்துவிடுவோம். என் முதல் இரண்டு கொள்முதல்களின் டைட்டில் பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் எண்ணெய்தான் இல்லை. விசாவில் இருந்தால், சொந்தத் தொழில் நடத்துவதற்கு முன் குடிவரவு வக்கீல் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ராயல்டி வருவதும் தொழில் நடத்துவதும் அங்கே ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை.

வேலையை விடும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் ஒப்பீனியன் எழுதிய ஒவ்வொரு நிலத்தையும், ஒவ்வொரு கட்சிக்கார நிறுவனத்தையும், கவுண்டி வாரியாக எழுதுங்கள். அந்தத் தாளில் இருக்கும் இடங்களில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு என்று என்னைக் கேட்டால், நான் ஐந்து வைத்தேன். மார்ட்டின், ஹோவர்ட் இரண்டு கவுண்டிகளையும் அதனால் முழுதாக இழந்தேன். முதல் பத்துக் கொள்முதலை வயதானவர்களின் சமையலறையில் செய்யாதீர்கள். சொந்த வக்கீல் வைத்திருக்கும் குடும்ப அறக்கட்டளைகளிடமோ, எனர்ஜிநெட் போன்ற இணைய ஏலத்திலோ வாங்குங்கள். அங்கே உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கணக்குத் தெரியும், பலமுறை தோற்பீர்கள். தோற்ற ஒவ்வொரு ஏலத்திலும் கடைசி விலையைக் குறித்து வையுங்கள். பிறகு ஒரு நாள் யாராவது பிஸ்கட் டப்பாவைத் திறந்து உங்கள் முன்னால் வைக்கும்போது, என்ன விலை சொல்வது என்பதற்கு அந்தக் குறிப்புப் புத்தகம் பதில் வைத்திருக்கும்.